இறம்பொடை ஏற்றத்துக்கு இருபத்தெட்டுப் பல்

2022 ஜூன் கடைசியில் இலங்கையில் பெற்றோல் ஏறக்குறையத் தீர்ந்தது. அத்தியாவசிய சேவைகள் தவிர்ந்த வாகனங்களுக்கு இரண்டு வாரங்கள் எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தபோது கொழும்பில் சைக்கிள் விலை ஏறியது. கொல்லைப்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த பழைய வண்டிகள் வீதிக்கு வந்தன. யாழ்ப்பாணத்துக்கு அது புதிதல்ல. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை அந்த மண் சைக்கிளில்தான் கடந்தது. ஆனால் நுவரெலியா, தலவாக்கலை, ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில், லயத்திலிருந்து டவுனுக்கு வர வேண்டியவர்கள் அந்த நாட்களிலும் நடந்துதான் வந்தார்கள். சைக்கிள் என்று ஒன்று இருப்பது அங்கே பெரிதாக யாருடைய நினைவுக்கும் வரவில்லை.

மலையில் சைக்கிள் ஓடாது என்பது மலையகத்தில் விவாதமே இல்லாமல் ஒப்புக்கொள்ளப்பட்ட முடிவு. பார்க்கப்போனால் அதில் முக்கால் பங்கு தவறு. மலையில் தோற்றவை சமவெளிக்கென்று தேர்ந்தெடுத்த பல்சக்கரங்கள். அவற்றை மாற்றினால் என்ன நடக்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளிக்கூட இயற்பியலே போதும்.

றலி, ஹம்பர் காலத்திலிருந்து லுமாலா வரை நம் நாட்டில் ஓடிய வழக்கமான சைக்கிளை எடுத்துக்கொள்வோம். முன்னே மிதியோடு சுற்றும் சக்கரத்தில் 44 பல், பின்னே பிரீவீலில் 18 பல் என்பது அதற்குப் பொதுவான அளவு. மிதி ஒரு சுற்று சுற்றினால் பின்சக்கரம் 2.44 சுற்றுச் சுற்றும். வண்டி ஏறக்குறைய 5.4 மீற்றர் முன்னே போகும். யாழ்ப்பாணத்துத் தட்டையான வீதியில் இது அருமையான அளவு. காலை அவசரப்படுத்தாமல் மணிக்கு 15, 18 கிலோமீற்றர் போகலாம்.

இதே வண்டியை இறம்பொடைக்குக் கொண்டுபோவோம். அங்கே நீர்வீழ்ச்சி இருக்கும் இடம் கடல்மட்டத்திலிருந்து 945 மீற்றர். அங்கிருந்து வீதி ஏறிச் சேரும் நுவரெலியா 1,868 மீற்றர். இந்த மாதிரி மலைவீதியில் நூறு மீற்றருக்கு ஏழு மீற்றர் உயர்வது, அதாவது 7 சதவீதச் சாய்வு, சாதாரண விஷயம். ஓட்டுபவர் 60 கிலோ, வண்டி 20 கிலோ, பையில் 3 கிலோ என்று வைத்தால் மொத்தம் 83 கிலோ. இந்த எடையைச் சாய்வில் பின்னோக்கி இழுக்கும் புவியீர்ப்பின் பங்கு கிட்டத்தட்ட 6 கிலோ விசை. டயர் உருளும்போது வரும் தடையையும் சேர்த்தால் ஆறரைக்குக் கொஞ்சம் கீழே. காற்றுத் தடையை விட்டுவிடலாம். ஏறும் வேகத்தில் அது இருப்பதே தெரியாது.

பயிற்சி பெற்ற பந்தய வீரர் அல்லாத ஆரோக்கியமான ஒருவரின் கால்கள் ஒரு மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய வலு 100 முதல் 150 வாட். 120 என்று எடுப்போம். செயினிலும் அச்சிலும் கொஞ்சம் வீணாகும். மிஞ்சுவதை வைத்துப் பார்த்தால் வண்டி மணிக்கு ஆறரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஏறலாம். நடப்பதைவிட வேகம்தான். ஆனால் ஒரு மிதிச்சுற்றுக்கு 5.4 மீற்றர் போகும் வண்டியில் அந்த வேகத்துக்கு நிமிடத்தில் 20 சுற்றுதான் மிதிக்க முடியும். அவ்வளவு மெதுவாக 120 வாட்டைத் தர வேண்டுமானால், மிதி கிடைமட்டமாக வரும் கணத்தில் அதன்மேல் 54 கிலோ விசை இறங்க வேண்டும். ஓட்டுபவரின் மொத்த எடையே 60. அதாவது ஒவ்வொரு மிதிக்கும் இருக்கையைவிட்டு எழுந்து, உடம்பு முழுவதையும் ஒற்றைக் காலில் ஏற்ற வேண்டும். மிதி உச்சியிலும் அடியிலும் நிற்கும்போது அதைத் தள்ளிவிடப் போதிய உந்தமும் வண்டியில் இருக்காது. நூறு மீற்றருக்குள் எவரும் இறங்கித் தள்ளத் தொடங்கிவிடுவார். மலையகத்தின் முடிவு இந்த நூறு மீற்றரில் எடுக்கப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று: அவரிடம் வலு இருந்தது. ஆறரைக் கிலோமீற்றர் வேகத்தில் ஏறப் போதுமான வலு. அதை வீதியில் சேர்க்கும் வழிதான் இல்லை. தோட்டத்துக் குறுக்குப் பாதையில் கல்லை வெட்டிப் படி கட்டியிருப்பார்கள். ஒரே உயரத்தை முழங்கால் உயரப் பத்துப் படியாகவும் ஏறலாம், கணுக்கால் உயர முப்பது படியாகவும் ஏறலாம். செய்யும் வேலை இரண்டிலும் ஒன்று. முதல் வகையில் தொடை வலிக்கும், இரண்டாவதில் மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கும். குறைந்த கியர் என்பது இந்த இரண்டாவது படிவரிசை. தசை முழுப் பலத்தோடு இறுகும்போது அதற்குள் ஓடும் இரத்தம் தடைப்படுகிறது. சீக்கிரம் சோரும் தசை இழைகள் வேலைக்கு இழுக்கப்படுகின்றன. விசையைக் குறைத்துச் சுற்றைக் கூட்டினால் சுமை இதயத்துக்கும் நுரையீரலுக்கும் மாறுகிறது. அவை நாள் முழுவதும் உழைக்கப் பழகியவை. நிமிடத்துக்கு 60 முதல் 80 சுற்று என்பது பெரும்பாலானவர்களுக்கு ஏற்றத்தில் இதமான அளவு.

சாய்வை யார் தீர்மானித்தார்கள் என்பதும் இந்தக் கதையில் சேர்த்தி. மலையக வீதிகள் கோப்பிக் காலத்தில், மாட்டுவண்டியை மனத்தில் வைத்துப் போடப்பட்டவை; பிறகு தேயிலை அவற்றை எடுத்துக்கொண்டது. மலைச்சரிவில் இப்படி ஒரு சீரான சாய்வில் பாதை வகுப்பதற்கென்றே ஒரு கருவி இந்தத் தீவின் பெயரைத் தாங்கி நிற்கிறது: சிலோன் காட் டிரேசர். ஒரு கோலின் தலையில் தொங்கும் குழாய்; ஒரு முனையில் பார்க்கும் துளை, மறுமுனையில் குறுக்குக் கம்பிகள், அடியில் அளவு குறித்த சட்டத்தில் நகரும் எடை. எடையை நகர்த்தினால் குழாய் சாயும். வேண்டிய சாய்வுக்கு வைத்துவிட்டு, அதே உயரத்தில் குறி பொருத்திய கோலோடு முன்னால் போகிறவரை மேலே கீழே நகரச் சொன்னால், குறி கம்பியில் விழும் இடம் பாதைக்கான இடம். கணக்கு வேண்டாம், முக்கோணவியல் வேண்டாம். இந்தியாவில் சிவில் பொறியியல் மாணவர்களின் நில அளவைப் பாடநூல்களில் இன்றும் இது இருக்கிறது.

ரயில் பாதைக்கு இன்னும் கண்டிப்பான விதி. நாவலப்பிட்டிக்கு 1874இல் வந்த பாதை நானுஓயாவை 1885இல் எட்டியது. இடையில் ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரம். அவ்வளவையும் 44க்கு 1 என்ற சாய்வைத் தாண்டாமல் ஏறுகிறது, அதாவது சுமார் 2.3 சதவீதம். அதனால்தான் ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் நடுவே ரயில் அப்படி வளைந்து வளைந்து போகிறது. நீராவி இயந்திரத்தில் கியர் பெட்டி கிடையாது. அதன் கியர் அதன் சக்கரத்தின் அளவுதான்: சமவெளி விரைவு வண்டிக்குப் பெரிய சக்கரம், மலையேறும் இயந்திரத்துக்குச் சிறிய சக்கரம். மலைக்கு இயந்திரத்தை மாற்ற வேண்டும் என்பது ரயில்காரர்களுக்கு முதல் நாளே தெரிந்திருந்தது. சைக்கிளைக் கொண்டுவந்தவர்கள் அதை மாற்றாமலே விட்டார்கள்.

இனி வண்டியை மாற்றுவோம். நான் எடுத்துக்கொள்ளும் வண்டி, 1970, 80களின் மெல்லிய இரும்புக் குழாய் ரோட் சைக்கிள். வளைந்த ஹேண்டில், ஒல்லியான டயர், முன்னே இரண்டு பல்சக்கரம், பின்னே ஐந்து அல்லது ஆறு. ஜப்பானிலிருந்து வரும் பழைய சைக்கிள் குவியல்களில் தேடினால் இந்த வகை அகப்படும். நல்லதாக இருந்தால் 11, 12 கிலோவுக்கு மேல் இராது. இந்த இலேசுக்குக் காரணம் குழாய். ரெனோல்ட்ஸ் 531 போன்ற கலப்பு உருக்குக் குழாய்கள் 1935 முதல் வருகின்றன. அவற்றின் சுவர் இணைப்புகள் வரும் இரு முனைகளில் தடிப்பாகவும், விசை குறைவான நடுப்பகுதியில் மில்லிமீற்றரின் முக்கால் பங்குக்கும் குறைவாகவும் இருக்கும்.

கடையில் புதிதாக விற்கும் மலைச் சைக்கிளை வாங்கினால் என்ன என்று கேட்கலாம். மலிவான மலைச் சைக்கிளில் முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் போர்க் ஒவ்வொரு மிதிக்கும் குனிந்து எழும். எடை 16, 17 கிலோ. கட்டை டயர் தார் வீதியில் உருள மறுக்கும். அதன் கியர் மட்டும்தான் நமக்குத் தேவை. அந்தக் கியரை இந்த இலேசான சட்டத்தில் பூட்டுவதே யோசனை.

எடை குறைந்தாலே போதாதா? 20 கிலோ வண்டி 12 கிலோ ஆனால் மொத்தம் 83இலிருந்து 75க்கு வருகிறது. பத்து சதவீத இலாபம். வேகம் ஆறரையிலிருந்து மணிக்கு 7.3 கிலோமீற்றர் ஆகும். நல்லதுதான், ஆனால் காலைக் காப்பாற்ற இது போதாது. இந்தப் பழைய வண்டிகளில் வழக்கமாக முன்னே 52, 42 பல்லும், பின்னே மிஞ்சிப்போனால் 28 பல்லும் இருக்கும். 42க்கு 28 என்றால் ஒரு சுற்றுக்கு 3.15 மீற்றர். நம் ஆள் நிமிடத்துக்கு 38 சுற்று மிதிப்பார், மிதியில் உச்ச விசை 28 கிலோ. ஏறலாம், ஆனால் மேலே போய்ச் சேரும்போது முழங்கால் பேசும்.

பந்தயக்காரர்கள் ஏன் இப்படி வைத்தார்கள்? அவர்கள் கணக்கில் அது சரி. 300 வாட் தரும் ஒருவர் இதே 7 சதவீதத்தில் மணிக்கு 16 கிலோமீற்றருக்கு மேல் ஏறுவார். 42க்கு 24 வைத்தாலே நிமிடத்துக்கு 75 சுற்று வந்துவிடும். வண்டிக் கம்பனிகள் அந்த வீரர்களின் கியரை அப்படியே சாதாரண மக்களுக்கு விற்றன. அரைப் பங்கு வலுவுள்ளவர்களுக்கு இரட்டைப் பங்கு கியர். சைக்கிள் வரலாற்றில் என்னை மிகவும் வருத்தும் விஷயங்களில் இது ஒன்று, ஏனென்றால் மாற்று வழி அப்போதே தெரிந்திருந்தது. பிரான்சின் சாந்த் எத்தியேன் நகரத்தில் பட்டு வியாபாரியாக இருந்த போல் த விவீ, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில், 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே பல கியர்களுக்காக எழுதினார். நகரத்துக்கு வெளியே இருந்த 1,161 மீற்றர் உயரக் கணவாயில் தன் வண்டிகளைச் சோதித்துப் பார்த்தார். ஹட்டனைவிடக் கொஞ்சம் தாழ்ந்த இடம் அது. ஆனால் டூர் த பிரான்ஸ் பந்தயத்தில் செயினைத் தள்ளி மாற்றும் டீரெய்லருக்கு 1937 வரை இடமே இல்லை. கியர் வைப்பது பலவீனர்களின் வேலை என்ற அந்தப் பழைய வீரம் பின்னாலும் பல காலம் பல்சக்கரங்களில் ஒட்டிக்கொண்டிருந்தது.

மாற்றும் வேலையைப் பின்சக்கரத்தில் தொடங்குவது மலிவு. பழைய ஹப்பில், அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தில், பிரீவீல் மரையில் திருகப்பட்டிருக்கும். பிரித்தானிய, ஜப்பானிய ஹப்களின் மரை இன்று கடையில் கிடைக்கும் 14 முதல் 34 பல் வரையான ஏழு சக்கரப் பிரீவீலை ஏற்கும். பழைய பிரெஞ்சு ஹப் என்றால் மரை வேறு. பலவந்தமாகத் திருகினால் ஹப் போய்விடும். ஐந்து சக்கரக் காலத்துச் சட்டத்தில் பின்முட்களுக்கு இடையே 120 மில்லிமீற்றர்தான் இருக்கும். ஏழு சக்கரத்துக்கு 126 தேவை. இரும்புச் சட்டம் என்பதால் அனுபவமுள்ள மெக்கானிக் அதைச் சீராக விரித்துக் கொடுக்கலாம். அலுமினியச் சட்டத்தில் இதை எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாது, வெடிக்கும். இந்த ஒரு மாற்றத்திலேயே 42க்கு 34 வந்துவிடும்: சுற்றுக்கு 2.6 மீற்றர், நிமிடத்துக்கு 47 சுற்று. கையில் காசு இவ்வளவுதான் என்றால், 34 பல்லை ஏற்கும் பின் டீரெய்லரையும் சேர்த்து, இதோடு நிறுத்திக்கொண்டும் நுவரெலியா போகலாம்.

முன்பக்கம் கொஞ்சம் சிக்கலானது. முன் பல்சக்கரத்தைச் சின்னதாக்க நினைத்தால் அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் குறுக்கே நிற்கும். செயினில் ஒவ்வொரு கணுவும் அரை அங்குலம். அதனால் 42 பல் சக்கரத்தில் செயின் ஓடும் வட்டத்தின் விட்டம் 170 மில்லிமீற்றர், 28 பல்லில் 113. இத்தாலிய கம்பன்யோலோவும் அதைப் பின்பற்றியவர்களும் செய்த பந்தயக் கிராங்க்கில், அதாவது மிதியையும் முன் பல்சக்கரத்தையும் தாங்கும் கையில், ஐந்து போல்ட்டுகளும் 144 மில்லிமீற்றர் வட்டத்தில் நிற்கின்றன. 41 பல்லுக்குக் கீழே அதில் போகவே முடியாது. போல்ட்டே செயினில் முட்டும். ஆக, பல்சக்கரத்தை மட்டும் மாற்றிப் பயனில்லை, கிராங்க்கையே மாற்ற வேண்டும். போல்ட் வட்டம் 110 என்றால் 34 பல் வரை பூட்டலாம். பிரான்சில் டிஏ என்ற கம்பனி சுற்றுலாக்காரர்களுக்கென்று 50.4 மில்லிமீற்றர் வட்டத்தில் செய்த கிராங்க் 26 பல்லை ஏற்றது. அழகான பொருள், இன்று விலை அதிகம். நம் ஊரில் தேட வேண்டிய இடம் வேறு: 1990களின் பழைய மலைச் சைக்கிள்கள். அவற்றின் மூன்று சக்கரக் கிராங்க்குகள் பலவற்றில் 48, 38, 28 பல் இருக்கும். சட்டம் துருப்பிடித்து எறியப்பட்ட வண்டியிலும் கிராங்க் நன்றாக இருக்கும். அதைக் கழற்றி, வெளிச்சக்கரத்தை எடுத்துவிட்டு, 38, 28 இரண்டை மட்டும் வைத்துக்கொண்டாலும் மலையகத்துக்குப் போதும். நடு அச்சின் நீளம் மட்டும் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் செயின் கோணலாக ஓடிச் சட்டத்தில் உரசும்.

28க்கு 34. மிதி ஒரு சுற்று, வண்டி 1.73 மீற்றர். இப்போது 7 சதவீத ஏற்றத்தில் நம் ஆள், அதே 120 வாட்டில், அதே 7.3 கிலோமீற்றர் வேகத்தில், நிமிடத்துக்கு 70 சுற்று மிதிக்கிறார். மிதியில் உச்ச விசை 15 கிலோ. பழைய இரும்பு வண்டியில் கேட்ட 54 கிலோவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உட்கார்ந்தபடியே, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகலாம்.

பின் டீரெய்லர் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். பழைய பந்தய டீரெய்லர் 26, 28 பல்லோடு நின்றுவிடும். அதன் கீழ்க்கூண்டு குட்டையாக இருப்பதால் பெரிய, சிறிய சக்கரங்களுக்கிடையே மிஞ்சும் செயினைச் சுருட்டவும் முடியாது. ஜப்பானின் சன்டூர் கம்பனி 1964இல் டீரெய்லரின் இணைகரத்தைச் சாய்வாக அமைத்தது. அதனால் சின்னச் சக்கரத்திலிருந்து பெரிய சக்கரத்துக்குப் போகும்போது டீரெய்லர் பக்கவாட்டில் மட்டும் நகராமல் சக்கரங்களின் சரிவைத் தொடர்ந்து கீழேயும் இறங்கியது. செயினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி ஒரே அளவாக நின்றது. 34 பல்லும் தொல்லையில்லாமல் ஏறியது. அந்தக் காப்புரிமை 1984இல் முடிந்தபின் உலகம் முழுவதும் இதே வடிவம்தான். ஆகவே நீளக் கூண்டுள்ள எந்தச் சாதாரண ஷிமானோ டீரெய்லரும் இந்த வேலைக்குப் போதும்.

பழைய வண்டியின் பெரிய வரம் சட்டக் குழாயில் இருக்கும் கியர் நெம்புகோல். இன்றைய நெம்புகோல் ‘டிக் டிக்’ என்று எண்ணி நகரும். ஏழு சக்கரத்துக்குச் செய்தது எட்டுக்கு ஒத்துவராது, ஒரு கம்பனியுடையது இன்னொன்றோடு சேராது. பழையது வெறும் உராய்வில் நிற்கிறது. எவ்வளவு இழுத்தோமோ அவ்வளவு நகரும். எந்தப் பிரீவீல், எந்த டீரெய்லர், எத்தனை சக்கரம் என்றாலும் விரலும் காதும் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டிய ஊரில் இந்தக் குணத்துக்கு விலை கிடையாது. ஒரு பழக்கம் மட்டும் வேண்டும்: சாய்வு காலைப் பிடிக்கும் முன்பே மாற்றிவிட வேண்டும். முழுப் பாரத்தில் இருக்கும் செயினை இந்த டீரெய்லரால் நகர்த்த முடியாது.

முன் டீரெய்லர் இல்லாமலும் சமாளிக்கலாம் என்பேன். இறம்பொடையிலிருந்து லபுக்கலைத் தேயிலை மலைகளைச் சுற்றி மேலே போகும்வரை ஏற்றம் விடாமல் போகிறது. இடையில் பெரிய சக்கரத்துக்கு வேலையே இல்லை. அடிவாரத்தில் இறங்கி, செயினைக் கையால் எடுத்துச் சின்னச் சக்கரத்தில் போட்டு, விரலைத் துணியில் துடைத்துவிட்டு ஏற வேண்டியதுதான். நுவரெலியாவிலிருந்து ஹட்டனுக்குப் போகும் வீதி அப்படி அல்ல. தலவாக்கலைக்கு, சுமார் 1,200 மீற்றருக்கு இறங்கி, கொட்டகலை வழியாக ஹட்டனின் 1,270க்கு ஏறும். நடுவே ஏற்றமும் இறக்கமும் மாறி மாறி வரும். அங்கே கையால் மாற்றிக்கொண்டிருந்தால் பொறுமை போய்விடும்.

குறைந்த கியர் காலை ஆறவிட்டு வண்டியை வருத்தும். 28 பல் சக்கரத்தின் ஆரை 57 மில்லிமீற்றர், கிராங்க்கின் நீளம் 170. நெம்புகோல் விதிப்படி மிதியில் இறங்கும் விசை செயினில் மூன்று மடங்காகும். 60 கிலோ ஆள் எழுந்து நின்று மிதித்தால் செயினில் 180 கிலோ இழுவை. தேய்ந்த செயின் அப்போதுதான் பல்லைத் தாண்டிக் குதிக்கும், ஓட்டுபவரின் முழங்கால் ஹேண்டிலில் மோதும். பழைய சட்டங்களில் பின்சக்கர அச்சு உட்காரும் பள்ளம் கிடைமட்டமானது. இந்த இழுவையில் சக்கரம் வலப்பக்கம் முன்னே நழுவிச் சட்டத்தில் உரசி நிற்பதும் உண்டு. இலேசான அலுமினிய விரைவுப் பூட்டை எடுத்துவிட்டு இரும்பால் ஆனதைப் போட்டு நன்றாக இறுக்க வேண்டும். பின் அச்சும் கவனத்துக்குரியது. பிரீவீல் ஹப்பில் வலப்பக்கத்துப் பேரிங் பிரீவீலுக்கு உள்ளே ஒதுங்கி இருப்பதால் அதற்கு வெளியே அச்சு தாங்குதலின்றி நீண்டிருக்கும். சக்கரம் கூடக்கூட அந்த நீளமும் கூடும். மலைவீதிக் குழிகளில் அச்சு வளைவதற்கும் உடைவதற்கும் இதுதான் காரணம். நல்ல உருக்கு அச்சு ஒன்று போட்டுவிட்டுப் புறப்படுவது நல்லது.

ஏறும்போது சாய்வு நிலையாக இருப்பதில்லை. கொண்டை ஊசி வளைவில் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரத்தைத்தான் ஏறுகின்றன, ஆனால் உள்விளிம்பின் நீளம் குறைவு. வளைவின் நடுக்கோடு 9 மீற்றர் ஆரையில் 6 சதவீதம் ஏறுகிறது என்றால், 6 மீற்றர் ஆரையுள்ள உள்விளிம்பில் அது 9 சதவீதம். 12 மீற்றர் ஆரையுள்ள வெளிவிளிம்பில் 4.5. நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். ஆகவே ஏறும்போது இடது கை வளைவுகள் எல்லாம் நம்மை உள்விளிம்பில் தள்ளும், வலது கை வளைவுகள் இளைப்பாறக் கொடுக்கும். இடது வளைவு கண்ணில் பட்டவுடனே ஒரு கியர் குறைத்துவிட வேண்டும். எதிரே பஸ் வருவதை மறைக்கும் வளைவில் சாய்வுக்குப் பயந்து நடுவீதிக்குப் போவது உயிரோடு விளையாடுவது.

கியரை இன்னும் குறைத்துக்கொண்டே போகலாமா? ஒரு எல்லை இருக்கிறது. பிரதான வீதியிலிருந்து பிரிந்து தொழிற்சாலைக்கும் லயத்துக்கும் போகும் தோட்டத்துப் பாதைகளில் 12 சதவீதம் சாதாரணமாக வரும், மேலே கல்லும் சேறும். அங்கே 120 வாட்டுக்கு வேகம் மணிக்கு நாலேகால் கிலோமீற்றர்தான். சைக்கிள் சாயாமல் நிற்பது, சாயும் பக்கமாக ஹேண்டிலைத் திருப்பிச் சக்கரத்தை உடம்பின் கீழே கொண்டுவருவதால். ஐந்து கிலோமீற்றருக்குக் கீழே போனால் இந்தத் திருத்தம் தாமதமாகும், வண்டி பாம்பாக நெளியும். எந்தக் கியரும் இதை மாற்றாது. அந்தக் கடைசித் துண்டை இறங்கித் தள்ளுவதே முறை. அதற்கும் 12 கிலோ வண்டி 20 கிலோவைவிட எவ்வளவோ மேல். உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்கு. கொழும்பிலிருந்து வந்தவருக்கு வலுவில் சில சதவீதம் குறையும். அங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகளை அது அவ்வளவு பாதிக்காது.

அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். தோட்டத்திலிருந்து பாடசாலைக்கு அவர்கள் நடக்கும் தூரம் மலையகம் முழுவதும் தெரிந்த கதை. மாணவர்களுக்குச் சைக்கிள் வழங்க முன்வரும் நல்ல மனிதர்கள் சமவெளிக்கு வாங்கும் ஒற்றைக் கியர் வண்டியையே இங்கேயும் அனுப்பினால், அது நூறு மீற்றரில் தோற்று லயத்தின் சுவரில் சாய்ந்துவிடும். 40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு மிதியில் ஏற்ற உடம்பில் 40 கிலோதான் இருக்கிறது. முன்னே 28, பின்னே 34 என்று இரண்டு எண்களை எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். விலையில் பெரிய வித்தியாசம் வராது.

ஏறியதெல்லாம் இறங்க வேண்டும். 75 கிலோ நுவரெலியாவிலிருந்து இறம்பொடைக்கு ஏறக்குறைய 900 மீற்றர் இறங்கும்போது விடுபடும் சக்தி 660 கிலோஜூல். இரண்டு லீற்றர் குளிர்ந்த நீரைக் கொதிக்கவைக்க அது போதும். அதுவும் நுவரெலியாக் கணக்கில், அங்கே நீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். வேகமாக இறங்கினால் இதில் ஒரு பகுதியைக் காற்று வாங்கிக்கொள்ளும். வளைவும் பஸ்ஸும் பனிமூட்டமும் உள்ள வீதியில் மணிக்கு 20 கிலோமீற்றரில் இறங்குபவருக்குப் பெரும்பகுதி பிரேக்கில்தான் சேரும்: தொடர்ந்து 200 வாட்டுக்கு மேல், இரண்டு ரிம்மிலும் வெப்பமாக. பழைய பந்தய வண்டிகள் பலவற்றில் டயரை ரிம்மில் பசையால் ஒட்டியிருப்பார்கள். சூடு ஏறினால் பசை இளகும், வளைவில் டயர் நகரும். மலைக்கு அது வேண்டாம். கம்பி விளிம்புள்ள சாதாரண டயர், 32 மில்லிமீற்றர் அகலத்தில், சட்டம் இடம் கொடுக்கும்வரை.

ரிம் குரோம் பூசிய இரும்பாக இருந்தால் அதை மாற்றாமல் இறங்கவே கூடாது. நனைந்த குரோமில் இரப்பர்க் கட்டை வழுக்கும். நிற்கும் தூரம் உலர்ந்த நாளில் இருப்பதைப்போல் பல மடங்காகும். நுவரெலியாவில் வீதி நனையாத நாட்களை நம்பிப் பயணம் வைக்க முடியாது. அலுமினிய ரிம் ஈரத்திலும் பிடி கொடுக்கும். வெப்பத்தையும் இரும்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்திக் காற்றில் விடும். பழைய வண்டிகளின் 27 அங்குலச் சக்கரத்துக்குப் பதில் இன்றைய 700 சக்கரம் போட்டால் ரிம் நான்கு மில்லிமீற்றர் தாழ்வாக வரும். பிரேக் கட்டையைப் பிரேக் கரத்தில் அந்த நான்கு மில்லிமீற்றர் கீழே இறக்கிவைக்க முடிகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிட வேண்டும். இறக்க முடியாமல் டயரின் பக்கவாட்டில் உரசினால் லபுக்கலையைத் தாண்டும் முன் டயர் அறுந்துவிடும்.